சலீம் நானாவின் வாசலில் நின்ற கார்

மருமகனின் வேனைக் காட்டுவதற்காக அண்மையில் பாலாவிச் சந்தியில் ஒரு கராஜுக்குப் போயிருந்தேன். அங்கே வேலை செய்பவர் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகினார். அவர் கையில் இருந்த சின்னத் திரையில் வேனின் வருத்தம் எழுத்தில் வந்து விழுந்தது. நான் பழைய வயரிங் வேலைக்காரன் என்று மருமகன் சொன்னதும் அங்கிருந்த நாலைந்து பேரும் என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். திரையும் இல்லை, வயரும் இல்லை, அந்தப் பழைய இக்னைட்டர் கார்களில் எப்படிப் பழுது கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்கள்.

"கார்ச் சொந்தக்காரரிட்டக் கேப்போம்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து ஊரோடு வெளிக்கிட்டு இந்தப் பக்கம் அகதியாக வந்தவர்களில் நானும் ஒருவன். வந்த புதிதில் உப்பு லொறிகளுக்கு லைட் வயர் இழுத்தேன். உப்புக் காற்றில் செம்புக் கம்பி பச்சையாகி மாவாய் உதிர்வதைப் பார்த்துப் பார்த்தே பாதித் தொழில் பழகிவிட்டது. பிறகு மதுரங்குளியில் ஜவுபர் பாஸின் கராஜில் சேர்ந்தேன். மீதித் தொழிலும் என் நடுவயதும் அங்கேதான் போயின.

பழைய கார்களில் டிஸ்ரிபியூட்டருக்குள்ளே பொயின்ற் என்று ஒன்று இருக்கும். அது திறந்து மூடும்போதுதான் பிளக்கில் தீப்பொறி விழும். தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். கருகினால் அரத்தாளால் தேய்த்துவிடலாம். அதற்குப் பிறகு வந்த கார்களில் பொயின்ற் இல்லை. அந்த இடத்தில் ஒரு சின்னக் காந்தச் சுருள் இருக்கும். சுருள் கொடுக்கும் சைகையை இக்னைட்டர் என்ற கறுப்புப் பெட்டி வாங்கி, தீப்பொறியைப் பிறப்பிக்கும் கொயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டு வெட்டும். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். உள்ளே பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். செத்தாலும் உயிரோடு இருந்தாலும் அதற்கு ஒரே முகம். அதைக் கண்டாலே பல கராஜ்காரர்கள் பொனட்டை மூடிவிட்டு, கொழும்புக்குக் கொண்டுபோங்கள் என்பார்கள்.

ஜவுபர் பாஸ் அப்படிச் சொன்னதில்லை. மெலிந்த மனிதர். வெள்ளைச் சாரம் உடுத்துத்தான் வேலை செய்வார். அதில் ஒரு நாளும் எண்ணெய் பட்டதை நான் கண்டதில்லை. கார் வந்ததும் அதற்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டுச் சொந்தக்காரரை இருத்துவார். தான் நின்றபடி, கண்ணை மூடி, ஒரு கையை மட்காட்டில் வைத்துக்கொண்டு கதை கேட்பார். கார் எங்கே நின்றது, லுஹர் தொழுகைக்கு முன்னா பின்னா, உள்ளே யார் யார் இருந்தார்கள், யார் எந்தப் பக்கம், மடியில் என்ன வைத்திருந்தார்கள் என்று எல்லாம் கேட்பார். பிறகு அதே ஆட்களை அதே இடங்களில் இருத்தி அதே பாதையில் ஓடச் சொல்வார்.

"பழுது முதல்ல நம்மட முகத்தப் பார்க்கணும். அதுக்குப் பொறகுதான் நாம அதைப் பார்க்கலாம்" என்பார்.

கருவாட்டு வியாபாரி ஒருவர், கருவாடு ஏற்றினால் மட்டும் கார் இழுக்கிறது இல்லை, விக்குகிறது என்று வந்தார். பாஸ் கருவாட்டு மூடைகளைக் கொண்டுவரச் சொன்னார். பாரம்தானே காரணமாக இருக்கும், சீமெந்து மூடை ஏற்றிப் பார்க்கலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் கருவாடு என்றுதானே சொன்னார் என்று கேட்டார் பாஸ். கருவாட்டோடு ஓடினோம். கார் விக்கியது. பாரம் கூடினால் தீப்பொறிக்கும் பலம் கூட வேண்டும். அந்தக் கொயில் களைத்துப்போயிருந்தது. கொயிலை மாற்றினோம், கார் சரியாகிவிட்டது. கராஜில் கருவாட்டு மணம்தான் போக மறுத்தது.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் எத்தாளை மஹ்ரூப் ஹாஜியாரின் கார் வந்தது. யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன.

ஹாஜியாருக்குத் தென்னந்தோட்டமும் மீன்பிடிப் படகுகளும் இருந்தன. கார் அவருடைய கண்மணி. இக்னைட்டர் வைத்த பழைய ஜப்பான் கார், தேங்காய்ப்பூ நிறம். ஒரே மகன் இர்பான். அவனுக்கு முதலில் மதுரங்குளியில் சலீம் நானாவின் மகள் ரிஸ்னாவைத்தான் பேசினார்கள். சலீம் நானாவும் எங்களைப் போல் மன்னாரிலிருந்து வந்தவர். சந்தி தாண்டியதும் றோட்டோரத்தில் வீடு, வீட்டின் முன்பக்கத்தில் சைக்கிள் சாமான் கடை. பேச்சு முற்றாகி நாள் குறிக்கும் நேரத்தில் ஹாஜியாரின் மனைவி சுலைஹா, அகதி வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல் எப்படியோ சலீம் நானாவின் காதுக்கும் வந்தது. அந்த வாரம் பள்ளியில் தொழுகை முடிந்தும் அவர் நெடுநேரம் அப்படியே இருந்ததை நான் கண்டேன்.

அதற்குப் பிறகு இர்பானுக்கு முந்தலில் இறால் பண்ணைக்காரர் ஒருவரின் மகளைப் பேசினார்கள். எத்தாளையிலிருந்து முந்தலுக்குப் போவதென்றால் மதுரங்குளிச் சந்தியைத் தாண்டாமல் போக முடியாது. முதல் தடவை பெண் பார்க்கப் போனபோது சந்தி தாண்டியதும் கார் நின்றது. நின்ற இடம் சலீம் நானாவின் வாசல்.

வாசலில் கார் நின்றால் எங்கள் ஆட்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார்கள். கடைக்குள் இருந்த சலீம் நானா வெளியே வந்தார். யாருடைய கார் என்று கண்டதும் ஒரு கணம் நின்றார். பிறகு உள்ளே போய்த் தேநீர் ஊற்றச் சொன்னார். சுலைஹா காரை விட்டு இறங்கவில்லை. வேறொரு பெண்ணுக்காகக் கொண்டுபோன வட்டிலப்பம் என்ற இனிப்பை மடியில் வைத்துக்கொண்டு, சலீம் நானா வீட்டுத் தேநீரைக் காருக்குள்ளேயே குடித்தார். இதற்கிடையில் இர்பான் கராஜுக்கு ஓடி வந்தான். நான் சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, எதற்கும் ஒரு தரம் பார்ப்போம் என்று ஹாஜியார் சாவியைத் திருப்பினார். கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

அடுத்த தடவையும் அதே இடம். அதற்கடுத்த தடவையும் அதே இடம். தேநீர் குடிக்கும்வரை நிற்கும், குடித்து முடித்தால் ஓடும். கராஜுக்குக் கொண்டுவந்து கொயிலைப் பார்த்தோம், சுருளை மீற்றர் வைத்து அளந்தோம், இக்னைட்டரைப் பார்த்தோம். எல்லாம் நலமாக இருந்தன. ஒரு பழுதும் இல்லாத காரைத் திருத்துவதைப் போல் தலையிடி வேறில்லை.

ஊர் தன் முடிவுக்கு வந்துவிட்டது. கோழி விற்பவரும் ஆட்டோக்காரர்களும் அந்த வாசலுக்கு எதிரே நின்று கார் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காருக்கு எந்த வீட்டில் சம்பந்தம் என்று தெரியும், மனிதருக்குத்தான் தெரியவில்லை என்றது ஒரு பக்கம். அந்த வீட்டில் ஏதோ செய்துவிட்டார்கள், தேநீரில் ஓதிக் கொடுக்கிறார்கள் என்றது மறுபக்கம். சுலைஹா இரண்டாவது பக்கம். செய்வினை என்ற கதை பரவினால் அந்தப் பெண்ணை வேறு எவரும் கேட்டு வரமாட்டார்கள். சலீம் நானாவுக்கு அது விளங்கியது. ஆனாலும் வாசலில் நிற்பவருக்குத் தேநீர் கொடுக்காமல் விடவும் அவரால் முடியவில்லை.

ஒரு நாள் ரிஸ்னாவே கராஜுக்கு வந்தாள். நேரே பாஸிடம் போனாள்.

"மாமா, அந்தக் காரை எங்கட வாசல்லயிருந்து எடுத்துத் தாங்க" என்றாள்.

பாஸ் வழக்கம்போல் கதிரையைப் போட்டார். கார் தன்னுடையது இல்லையே என்று அவள் தயங்கினாள். கார் நின்ற வாசலுக்குச் சொந்தக்காரிதானே, இருங்கள் என்றார். மட்காட் இல்லாததால் சுவரில் ஒரு கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் சொன்னது இதுதான். ஒரு முறை வீட்டில் தேயிலை முடிந்திருந்தது. சர்பத் கரைத்துக் கொடுத்தார்கள். மளமளவென்று குடித்துவிட்டுச் சாவியைத் திருப்பினார்கள். கார் அசையவில்லை. பிறகு பக்கத்து வீட்டில் தேயிலை வாங்கித் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். குடித்து முடிந்ததும் ஸ்டார்ட் ஆனது.

"தேத்தண்ணி எப்பிடி, கடும் சூடா?" என்று கேட்டார் பாஸ்.

"ஓம். வாப்பாக்கு அப்பிடித்தான் வேணும். வாறவங்க ஊதி ஊதித்தான் குடிப்பாங்க."

பாஸ் கண்ணைத் திறந்தார். சூடு ஆறுகிறது மகள், ஆனால் கோப்பையில் மட்டும் இல்லை என்றார்.

அடுத்த பயணத்துக்கு நாங்களும் எத்தாளைக்கே போய்க் காரில் ஏறினோம். நாள் குறிக்கும் பயணம் அது. யாருடைய இடமும் மாறக்கூடாது என்று பாஸ் சொல்லிவிட்டார். இர்பான் ஓட்டினான். ஹாஜியாரின் இடத்தில் முன்னுக்குப் பாஸ் இருந்தார். பின்னுக்குச் சுலைஹா. அவரோடு வழக்கமாக வரும் தங்கச்சியை இறக்கிவிட்டு, பாரத்தைச் சமன்செய்ய ஹாஜியாரையும் என்னையும் வைத்தார்கள். அந்தத் தங்கச்சி அவ்வளவு பெரிய ஆள். ஹாஜியார் நடுவில் நெரிந்து இருந்தார். வட்டிலப்பச் சட்டி என் மடியில். வெறும் சட்டி போதாதா என்று சுலைஹா கேட்டதற்கு, வட்டிலப்பம் இருக்கத்தானே வேண்டும் என்று பாஸ் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்.

நல்ல வெயில். பாலாவி தாண்டிப் பெரிய றோட்டில் கார் சீராக ஓடியது. மதுரங்குளிச் சந்தியில் லொறியும் மாடும் சனமுமாக இருந்தது. ஊர்ந்துதான் போனோம். காற்று இல்லாமல் பொனட்டின் கீழே ஏறிய சூட்டின் மணம் பின்னுக்கு இருந்த எனக்கும் வந்தது. சந்தி தாண்டி வேகம் எடுக்கப் பார்த்த இடத்தில் என்ஜின் ஒரு தரம் தும்மி, அடங்கியது. கார் உருண்டு போய் நின்றது. எதிரே கோழிக் கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இந்தப் பக்கம் சலீம் நானாவின் வாசல்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பாஸ். அந்தக் காருக்குள் அன்று சந்தோசப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

பொனட்டைத் திறந்தோம். கொயிலின் நடு வயரைக் கழற்றி, ரப்பர் பிடி போட்ட குறட்டால் என்ஜினுக்குக் கிட்டப் பிடித்தேன். இர்பான் சாவியைத் திருப்பினான். தீப்பொறி இல்லை. பாஸ் சோதனை பல்பின் ஒரு காலைப் பற்றரியிலும் மறுகாலைக் கொயிலின் மைனஸ் பக்கத்திலும் வைத்தார். இக்னைட்டர் வேலை செய்தால் என்ஜின் சுற்றும்போது பல்ப் மினுங்க வேண்டும். மினுங்கவில்லை. சுருளை அளந்தோம், அது சரி. அப்படியானால் சைகை வருகிறது, வாங்குகிறவன்தான் மயங்கிக் கிடக்கிறான்.

பாஸ் திரும்பி, தண்ணீரும் ஒரு துணியும் கேட்டார். ரிஸ்னா குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்தாள். பாஸ் துணியை நனைத்துப் பிழிந்து இக்னைட்டரின் மேல் வைத்து, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். மீண்டும் சுற்றினோம். பல்ப் மினுங்கியது, தீப்பொறி நீலமாகப் பாய்ந்தது, என்ஜின் பிடித்துக்கொண்டது. சுற்றி நின்ற சனம் ஆவென்று பார்த்தது. ஒருவர் என் காதுக்குள், பாஸ் எந்த சூராவை ஓதினார் என்று கேட்டார். குளிர்ந்த தண்ணீர் என்றேன். அவர் நம்பவில்லை.

அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் இக்னைட்டர் ஏன் இந்தளவு சூடாகிறது என்று பார்க்காமல் பாஸ் விடமாட்டார். அது காரின் உடம்பில் இரும்போடு இரும்பாக, இடையில் வெள்ளைப் பசை பூசி ஒட்டியிருக்க வேண்டும். அப்போதுதான் அதன் சூடு உடம்புக்கு இறங்கும். என்ஜினை நிறுத்தி ஸ்குரூவைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். அடியில் பசை இல்லை. அளவாக வெட்டிய நீல நிற ரப்பர்த் துண்டு ஒன்று இருந்தது. வெளியே எடுத்துத் திருப்பினேன். செருப்பின் அடிப்பாகம்.

சுலைஹா காரை விட்டு இறங்கினார். கார் நிற்கத் தொடங்கியதிலிருந்து அந்த வாசலில் அவர் இறங்கியது அதுதான் முதல் தடவை. என் கையிலிருந்ததை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் வெளிறியது.

"இது இர்பான்ட செருப்பு" என்றார். "எண்ட புள்ளைட செருப்ப வெட்டி உள்ளுக்கு வச்சிரிக்காங்க. இப்ப எல்லாரும் பாத்துக்கங்க."

சொல்லப்போனால், செய்வினைக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? மாப்பிள்ளையின் செருப்பு, காரின் நெஞ்சுக்குள். சலீம் நானா வாசல்படியைப் பிடித்துக்கொண்டார். ரிஸ்னா தண்ணீர்க் கோப்பையோடு அப்படியே நின்றாள். பாஸ் மட்டும் ஹாஜியாரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹாஜியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காருக்குப் பின்னால் ஒரு பஸ் நின்று ஹோர்ன் அடித்தது.

"நான்தான் வச்சது" என்றார் ஹாஜியார்.

அந்தப் பெட்டி கிடந்து அதிருகிறது, சத்தம் போடுகிறது என்று அவருக்கு ஒரு குறை இருந்திருக்கிறது. படகு என்ஜின் திருத்தும் ஒருவரிடம் கேட்டிருக்கிறார். படகில் எல்லாவற்றுக்கும் கீழே ரப்பர் வைப்பார்கள், இதற்கும் வையுங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். வீட்டு வாசலில் மகனின் அறுந்த செருப்பு கிடந்தது. ஹாஜியார் தன் கையாலேயே வெட்டி, தன் கையாலேயே பூட்டியிருக்கிறார். சூடு ஆற வழியில்லாத பெட்டிக்கு மெத்தை போட்டுப் போர்த்துவிட்ட கதை. எத்தாளையிலிருந்து சூட்டைச் சேர்த்துக்கொண்டு வந்து, சந்தி நெரிசலில் அது நிரம்பி, தாண்டியதும் மயங்கிவிடும். சலீம் நானாவின் வீடு அந்த இடத்தில் இருந்தது. அது மட்டும்தான் அந்த வீட்டின் குற்றம்.

இதையெல்லாம் பாஸ் சனத்துக்குக் கேட்கும்படி, நின்று நிதானமாக விளங்கப்படுத்தினார். கோழிக் கடைக்காரருக்கு ஏமாற்றம். ஹாஜியார் சலீம் நானாவிடம் போய் மாப்புக் கேட்டார். சலீம் நானா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். சுலைஹா மறுபடியும் காருக்குள் ஏறிவிட்டார்.

அந்த இக்னைட்டர் இனி நம்பிக்கையில்லை, கொழும்பிலிருந்து வேறு எடுக்க வேண்டும். ஆனால் முந்தலில் பெரியவர்கள் காத்திருந்தார்கள். செருப்புத் துண்டை எடுத்துவிட்டுப் பசை பூசிப் பூட்டினோம். பாஸுக்கு அதுவும் போதவில்லை. மீன்காரர் ஒருவரிடம் ஐஸ் வாங்கிப் பையில் கட்டி இக்னைட்டரின் மேல் வைத்தார். அதற்குப் பிறகு கார் எங்கும் நிற்கவில்லை. மீன் மணத்தோடு, கீழே தண்ணீர் ஒழுக ஒழுக, முந்தலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பண்ணைக்காரர் எங்களை நன்றாக வரவேற்று இருத்தினார். வட்டிலப்பத்தைத் தொடவில்லை. கோபமில்லாமல்தான் சொன்னார்.

"ஹாஜியார், உங்கட கார் எங்க நிக்குதெண்டு இந்த றோட்டுக்கே தெரியும். எண்ட மகளைப் பத்தி நாளைக்கு ஆக்கள் வேற கதை கதைக்கக் கூடாது."

பாஸ் எழுந்து இக்னைட்டர், வெள்ளைப் பசை, சூடு எல்லாவற்றையும் ஒரு முறை விளங்கப்படுத்தினார். பண்ணைக்காரர் பொறுமையாகக் கேட்டார். இறால் தொட்டிக்கும் சூடு ஆகாது என்று ஒத்துக்கொண்டார். பெண்ணைத் தர ஒத்துக்கொள்ளவில்லை.

கொழும்பிலிருந்து இக்னைட்டர் வந்து சேர்ந்தபோது அந்தச் சம்பந்தம் முடிந்துபோயிருந்தது. புதிதாகப் பூட்டினோம். முழுப் பாதையும் ஓடிப் பார்க்காமல் பாஸ் காரைக் கையளிக்கமாட்டார், அதே ஆட்களும் வேண்டும். எனவே எத்தாளையிலிருந்து மறுபடியும் எல்லாரும் வந்தோம். இந்தத் தடவை பாஸ் ஓட்டினார். வட்டிலப்பம் கேட்க அவருக்கே மனம் வரவில்லை. சந்தியில் ஊர்ந்தோம், சூடு ஏறியது, சந்தி தாண்டினோம். என்ஜின் தும்மவில்லை. சலீம் நானாவின் வாசல் கிட்ட வந்தது.

"நிப்பாட்டுங்க" என்றார் சுலைஹா.

பாஸ் நிற்பாட்டினார். சுலைஹா இறங்கி, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். சலீம் நானாவும் ரிஸ்னாவும் வெளியே வந்தார்கள். சுலைஹா என்னென்னவோ சுற்றி வளைத்துப் பேசினார். தன் வாயால் வந்த சொல்லைப் பற்றியும் சொன்னார், அதைச் சொல்லும்போது குரல் இறங்கியது. பிறகு நேராகவே கேட்டார், இர்பானுக்குத் தங்கள் மகளைத் தாருங்கள் என்று. இர்பான் காருக்குள் தலையைக் குனிந்தபடி இருந்தான். அவனுடைய காது சிவந்திருந்தது. இத்தனை பயணத்திலும் அவனிடம் ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை.

சலீம் நானா மகளைப் பார்த்தார். ரிஸ்னாவின் குரலில் கோபம் இல்லை.

"கார் இப்ப சரிதானே மாமி. இனி இங்க நிக்கத் தேவையில்ல."

சுலைஹா திரும்பி வந்து காரில் ஏறினார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அந்த வாசலுக்கு முன்னால் இருந்துகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல், எல்லாரும் பாஸின் கையைப் பார்த்தோம். அவர் சாவியில் கையை வைத்தவர், வழக்கத்துக்கு மாறாகச் சற்றுத் தாமதித்தார்.

வேலை செய்த காலம் முழுவதும் நின்றுபோன என்ஜின்கள் ஓட வேண்டும் என்றுதான் நான் விரும்பியிருக்கிறேன். ஒரு என்ஜின் கொஞ்சம் மக்கர் பண்ணினால் நல்லது, அந்தச் சாட்டிலாவது யாராவது இறங்கி இன்னொரு சொல் பேசக்கூடும் என்று நான் நினைத்தது அந்த ஒரு தடவைதான்.

பாஸ் சாவியைத் திருப்பினார். முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆனது.